‘பல்லைக் காட்டு’ என்று சொல்லாதீர்கள்: பல்வரிசைக் கணக்கெடுப்பில் நடக்கும் தவறுகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களுக்குப் பிள்ளைகளின் பல்வரிசையைக் கணக்கெடுக்க வரும் இளம் மருத்துவர்களும் பயிற்சி மாணவர்களும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கையுறை மாற்றவும் பெயரைப் பிழையில்லாமல் எழுதவும் யாரும் சொல்லித்தர வேண்டாம். கணக்கையே புரட்டிப்போடும் தவறுகள் வேறு.

உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நிலைப்பற்கள் முளைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடைவாய்ப் பொருத்தம் இரண்டாம் வகை, அதாவது கீழ்ப்பற்கள் பின்தங்கிய கடி. ஆனால் ஓர் ஆய்வில் அது நூற்றுக்கு 2 பேர், இன்னொன்றில் 63 பேர். இனத்துக்கு இனம் தாடை அமைப்பு மாறும் என்பது உண்மைதான். அளந்த கையும் மாறியிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

கிளினிக்குக்கு வந்தவர்களை எண்ணுவது

பல்லில் குறை இருப்பதால்தான் வருகிறார்கள். அதை ஊர்க்கணக்காக எழுதாதீர்கள்.

தமிழ்ப்பள்ளியோடு நிறுத்திக்கொள்வது

ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு 12 வயது. பலருக்கு மேல் கோரைப்பல் அப்போதுதான் இறங்கும். சிலர் வாயில் பால்பல்லே இன்னும் இருக்கும். வளரிளம் பருவத்தைப் பற்றிப் பேச 15 வயதுப் பிள்ளைகளும் வேண்டும். அவர்கள் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றில் இருக்கிறார்கள். பள்ளிப் பேருந்து கிளம்பிவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள்தான் முதலில் விடுபடுவார்கள். அவர்களைக் காலையிலேயே கூப்பிடுங்கள்.

கடிக்க வைக்காமல் அளப்பது

எத்தனை முறை சொல்லியும் திருந்தாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

“பல்லைக் காட்டுமா” என்றால் பிள்ளை என்ன செய்யும்? கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, முன்பற்களை நுனியோடு நுனி வைத்துச் சிரிக்கும். “எத்துப்பல்” என்று வகுப்பில் கேலி பட்ட பிள்ளை பழக்கத்தாலேயே தாடையை முன்னே வைத்திருக்கும். மேல் முன்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று ஸ்கேலை வைத்தால் 3 மி.மீ. காட்டும். “நார்மல்” என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்கள். அதே பிள்ளையை எச்சில் விழுங்கச் சொல்லி, கடைவாய்ப்பல்லில் கடிக்கச் சொல்லுங்கள். தாடை பின்னால் போய் உட்காரும், அளவு 8 மி.மீ. ஆகும்.

சிகிச்சைத் தேவையைத் தரம் பிரிக்கும் ஐஓடிஎன் அட்டவணையில், மேல் முன்பல் நீட்டல் 6 மி.மீ. தாண்டினால் நான்காம் தரம், 9 தாண்டினால் ஐந்தாம் தரம். இவை இரண்டும் சிகிச்சை கட்டாயம் தேவைப்படும் தரங்கள். தவறாக அளந்த அந்தப் பிள்ளைக்கு ஈப்போவில் உள்ள நிபுணருக்குக் கடிதமே போகாது. 3 மி.மீ.க்கு மேல் நீட்டிய பற்கள் விழுந்து அடிபட்டு உடையும் வாய்ப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கபடி ஆடும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். நாக்கு நுனியை அண்ணத்தில் பின்னோக்கி மடித்து வைத்து மெல்ல வாயை மூடச் சொல்லுங்கள். கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கி, இருபக்கமும் கடைவாய்ப்பற்கள் முழுதாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூன்று முறை ஒரே இடத்தில் கடித்த பிறகே அளங்கள். ஸ்கேல் கடிக்கும் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் அளவு கூடும். பள்ளி ஸ்கேலில் சுழிக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அது வேண்டாம். விளிம்பிலிருந்தே எண் தொடங்கும் எஃகு ஸ்கேல் வாங்குங்கள்.

கீழ்ப்பற்கள் முன்னால் நிற்கும் பிள்ளையிடம் எதிர்மாறாக ஒன்று நடக்கும். முன்பல் நுனிகள் முதலில் இடித்து, தாடை முன்னால் வழுக்கிப் போய்ப் பொருந்தும். அந்த வழுக்கலைக் கவனிக்காவிட்டால், பல் மட்டும் இடம் மாறியதைத் தாடைக் கோளாறு என்று எழுதிவிடுவீர்கள்.

‘முதல் வகை’ என்றால் சரி என்று நினைப்பது

இல்லை. முதல் வகை என்பது கடைவாய்ப் பொருத்தம் சரி என்பதை மட்டும்தான் சொல்லும். கடைவாய் அழகாகப் பொருந்தி, முன்னால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் வாய்கள் ஏராளம்.

கம்பி போட்ட பிள்ளை

சேர்ப்பதா, தனியாக எழுதுவதா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். பல் மருத்துவர் அல்லாதவர் ஒட்டிவிட்ட போலிக் கம்பியோடும் வருவார்கள். 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி அப்படி ஒட்டுவது குற்றம். அதைச் சிகிச்சை என்று எழுதாதீர்கள், பிள்ளையைத் திட்டவும் திட்டாதீர்கள்.

தெத்துப்பல்லை மட்டும் பார்ப்பது

“தெத்துப்பல் அதிர்ஷ்டம், விடுங்க மிஸ்ஸி” என்பார் அம்மா. இடமில்லாமல் மேலே ஏறிய கோரைப்பல் அது. கண்ணுக்குத் தெரிவதால் எண்ணிவிடலாம். தெரியாததைத்தான் தேட வேண்டும். பத்து வயதில் மேல் ஈறை ஆள்காட்டி விரலால் தடவினால், பால் கோரைப்பல்லுக்கு மேலே பட்டாணி அளவு புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் எக்ஸ்ரேக்கு எழுதுங்கள். பல் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருக்கலாம். உரிய நேரத்தில் பால்பல்லை எடுத்தால் பல சமயம் உள்ளே இருப்பது தானாகவே வழிக்கு வரும். படிவம் மூன்றில் கண்டுபிடித்தால், ஈறைத் திறந்து சங்கிலி கட்டி இழுக்க வேண்டியிருக்கும்.