கன்சோல் ஆன்லைனில் சேரவில்லையா? ரவுட்டரில் கை வைக்கும் முன்

"மாமா, ரவுட்டரை ரீசெட் பண்ணிட்டேன். இப்ப வீட்ல யாருக்குமே நெட் வரல." அக்கா மகன் போனில் இதைச் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. அரை மணி நேரம் முன்பு வரை அவனுடைய எக்ஸ்பாக்ஸில் மட்டும்தான் பிரச்சினை. அதுவும் சின்னப் பிரச்சினை: பார்ட்டி சாட்டில் நான்கு நண்பர்களில் ஒருவனுடைய குரல் மட்டும் கேட்கவில்லை. அதைச் சரிசெய்யப் போய், ரவுட்டரின் பின்புறம் இருக்கும் சின்னத் துளைக்குள் ஊக்கை விட்டுப் பத்து நொடி அழுத்திவிட்டான்.

முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இதுதான். ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. அணைத்துப் போட வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி செருகினால் போதும். அந்தத் துளையோ, இணைய நிறுவனம் உள்ளே பதிந்து கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல், உங்கள் வைஃபை பெயர் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அந்த விவரங்கள் கையில் இல்லையென்றால் நிறுவனத்தை அழைத்துக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கன்சோலை ஃபேக்டரி ரீசெட் செய்வதும் அப்படித்தான். கிளவுடில் ஏற்றாத சேவ் கோப்புகள் போனால் போனதுதான்.

கன்சோலிலிருந்து கிளம்பும் தரவு மூன்று துண்டுப் பாதையைக் கடக்கிறது. கன்சோலிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரை இன்னொன்று, அங்கிருந்து விளையாட்டின் சர்வர் வரை மூன்றாவது. நான் பார்த்தவரை, பெரும்பாலானோர் அறுந்த துண்டை விட்டுவிட்டு நன்றாக இருக்கும் துண்டைப் பிரித்துப் போடுகிறார்கள். பிறகு அதுவும் பழுதாகிவிடுகிறது.

எந்தத் துண்டு என்று கன்சோலே சொல்லும். பிளேஸ்டேஷனில் இணைய இணைப்பைச் சோதிக்கும் வசதியை ஓட்டினால் முடிவு வரி வரியாக வரும்: ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கன்சோலின் அடையாள எண்) கிடைத்ததா, இணையம் கிடைத்ததா, பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடிந்ததா. முதல் வரியிலேயே தோற்றால் கோளாறு வீட்டுக்குள், அதாவது வைஃபையிலோ கேபிளிலோ இருக்கிறது. முதல் வரி சரி, இரண்டாவது தோற்றது என்றால் ரவுட்டருக்கு வெளியே பார்க்க வேண்டும். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் தோற்றால், பெரும்பாலும் உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. அப்போது சேவையின் நிலவரப் பக்கத்தைப் போனில் திறந்து பாருங்கள். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் 23 நாள் முடங்கிக் கிடந்தது. 2014 கிறிஸ்துமஸ் அன்று பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டின் சேவைகளும் தாக்குதலில் படுத்துவிட்டன. 2025 பிப்ரவரியிலும் பிளேஸ்டேஷன் ஏறத்தாழ ஒரு நாள் வேலை செய்யவில்லை. இப்படிப்பட்ட நாளில் ரவுட்டரை எத்தனை முறை குடைந்தாலும் பயனில்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்சோலின் தேதியும் நேரமும் தாறுமாறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொருந்தாமல் உள்நுழைவு தோற்கும். நெடுநாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த பழைய கன்சோல் என்றால் அதை முதலில் பாருங்கள்.

வைஃபையில் நடக்கும் தவறுகள்

"ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் வருது, ஆனா கேம் மட்டும் லேக் ஆகுது" என்று பலரும் சொல்வார்கள். விளையாடும்போது ஓடும் தரவு மிகக் குறைவு. அங்கே முக்கியம், ஒவ்வொரு தரவுத் துணுக்கும் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஒரே சீராகப் போய்ச் சேர்கிறது என்பதுதான். 20 மில்லிநொடி பிங் (துணுக்கு சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) திடீரென்று 200 ஆகித் திரும்பி வந்தால், வேகம் எத்தனை நூறாக இருந்தாலும் எதிராளி திரையில் தாவித் தாவித்தான் போவான். கன்சோலுக்குள் இருக்கும் ஸ்பீடு டெஸ்டையும் துல்லியமான அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஏதோ ஒரு சர்வரோடு அந்த நிமிடத்தில் பேசிப் பார்த்த கணக்கு, அவ்வளவே.

போனில் வைஃபை நன்றாக வருகிறது, எனவே கன்சோலிலும் வரும் என்று நினைப்பதும் தவறு. போன் உங்கள் கையில் இருக்கிறது. கன்சோல் டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதோடு 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்திருந்தால் அதன் பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே வராது. அதைப் பார்த்துக் கன்சோலின் வைஃபை கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கத் தூக்கிப்போவது வீண் செலவு. 2.4-இல் இன்னொரு தொல்லையும் உண்டு: யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். கன்சோலை ஒட்டி அப்படி ஒரு டிஸ்க் இருந்தால், ஒருமுறை கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரே வழி கேபிள்தான். வீடு முழுக்கக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. கன்சோலை ரவுட்டர் பக்கத்துக்குத் தூக்கிப்போய் நேராகச் செருகிப் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். பிரச்சினை மறைந்தால் குற்றவாளி வைஃபை. மறையவில்லை என்றால் வைஃபையை மறந்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போகலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது ரவுட்டர் வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கேபிளிலும் கவனம் வேண்டும். உள்ளே எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு போதும், 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவையில்லாத நான்கில் ஒன்று அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) கேபிள் செருக இடமில்லை, யுஎஸ்பி அடாப்டர் தேவை. 2021-இன் ஓஎல்இடி மாடல் டாக்கில் அந்த இடம் உண்டு.

வீட்டில் பழைய கைக்கன்சோல் ஏதாவது இருந்தால், அதற்காக வைஃபை பாதுகாப்பை டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு முறை அளவுக்கு இறக்காதீர்கள். முதல் நின்டெண்டோ டிஎஸ் அதைத்தான் கேட்கும். ஆனால் அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம், வீட்டின் மற்ற எல்லாக் கருவிகளும் அதே வைஃபையில்தான் இருக்கின்றன.

நேட்: அதிகக் குழப்பம் இங்கேதான்

இனி அக்கா மகனுடைய கதைக்கு வருவோம். மறுநாள் இணைய நிறுவனத்தின் ஆள் ரவுட்டரை உயிர்ப்பித்த பிறகு, எக்ஸ்பாக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னேன். 'நேட் டைப்: ஸ்ட்ரிக்ட்' என்று இருந்தது. பக்கத்திலேயே 'டபுள் நேட்' என்ற எச்சரிக்கையும் இருந்தது. விடை முதல் நாளிலிருந்தே திரையில்தான் இருந்திருக்கிறது.

வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரிதான் தெரியும். உள்ளே வரும் துணுக்கு யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது ரவுட்டரின் நேட் வேலை. நீங்கள் கேட்டு வரும் பதிலை அது சரியாகச் சேர்த்துவிடும். நண்பனுடைய கன்சோல் தானாக உங்களைக் கூப்பிட்டால், யாருக்கு வந்தது என்று தெரியாமல் கதவைச் சாத்திவிடும். எக்ஸ்பாக்ஸில் இதற்கு மூன்று நிலை: ஓபன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். ஓபன் எல்லோரோடும் சேரும். மாடரேட், ஸ்ட்ரிக்டோடு சேராது. ஸ்ட்ரிக்ட், ஓபனோடு மட்டும்தான் சேரும். அவனுடைய நண்பர்களில் மூன்று பேர் ஓபன், ஒருவன் மாடரேட். அந்த ஒருவன் குரல் மட்டும் கேட்காமல் போனது இதனால்தான்.

பிளேஸ்டேஷனில் இதே நிலைகள் டைப் 1, 2, 3 என்று வரும். இங்கே ஒரு வீண் துரத்தல் நடக்கிறது. டைப் 2 வந்தவர்கள் அது இரண்டாம் தரம் என்று எண்ணி டைப் 1-க்காக மல்லுக்கட்டுகிறார்கள். டைப் 1 என்றால் நடுவில் ரவுட்டரின் தடுப்பே இல்லை என்று பொருள். ரவுட்டர் வழியாக ஆடும் வீட்டுக்கு டைப் 2-தான் சரியான நிலை. டைப் 3 வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். ஸ்விட்சில் ஏ, பி இரண்டும் நல்லவை. அங்கே 2618-0516 என்ற பிழை எண் வந்தால், இன்னொருவரின் கன்சோலை நேட் தாண்டி எட்ட முடியவில்லை என்று அர்த்தம்.

டபுள் நேட் எப்படி வந்தது? நிறுவனம் கொடுத்த பெட்டியே ஒரு ரவுட்டர். வைஃபை போதவில்லை என்று அவன் அப்பா இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் செருகியிருக்கிறார். ஒரே உறையில் இரண்டு கத்தி. முதல் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (நேட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்துவது) மாற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (வைஃபை மட்டும் கொடுப்பது) மாற்ற வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். கன்சோலை அணைத்துப் போட்டதும் மாடரேட், ரவுட்டரில் யுபிஎன்பி (கன்சோல் தனக்கு வேண்டிய வழியைத் தானே கேட்டுத் திறந்துகொள்ளும்) வசதியை இயக்கியதும் ஓபன்.

போர்ட் ஃபார்வர்டிங் (போர்ட் என்ற எண்ணிட்ட வாசலுக்கு வரும் துணுக்குகள் கன்சோலுக்குப் போக ரவுட்டரில் கையால் வழி திறப்பது) பக்கம் போகிறவர்கள் அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நிறுவனமே பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது என்று பொருள். சில நிறுவனங்கள் இதற்கு 10-இல் தொடங்கும் முகவரிகளையும் கொடுக்கின்றன. இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. பூட்டிய கதவு தெருமுனையில் இருக்கிறது, நீங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்துகொண்டிருக்கிறீர்கள். நானே ஒரு மாலை முழுக்க எக்ஸ்பாக்ஸின் போர்ட்டான 3074-ஐத் திறந்து திறந்து பார்த்துத் தோற்றிருக்கிறேன், இந்த ஒப்பீட்டைச் செய்யாததால்.

வான் ஐபி சரியாக இருந்தும் போர்ட் திறந்தது பலிக்கவில்லையா? கன்சோலின் உள் முகவரி மாறியிருக்கும். இன்று 192.168.1.12, நாளை ரவுட்டர் அணைந்து எழுந்ததும் 192.168.1.17, நீங்கள் திறந்த வழி இப்போது யாரோ ஒருவருடைய போனுக்குப் போகிறது. ரவுட்டரிலேயே அந்தக் கன்சோலுக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் போர்ட்டைத் தொட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் 3074-ஐ ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும். அங்கே கையால் திறப்பதை விட்டு யுபிஎன்பி-யிடம் விடுவதே நல்லது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றோடொன்று மோதும். அப்புறம், எதுவும் சரிவரவில்லை என்று டிஎம்இசட்டில் (ஒரு முகவரிக்கு எல்லாப் போர்ட்டுகளையும் திறந்துவிடும் வசதி) கன்சோலைப் போடுவதை நான் விரும்புவதில்லை. நாளை அந்த முகவரி கணினிக்குப் போனால், அது தடுப்பில்லாமல் வெட்டவெளியில் நிற்கும்.

டிஎன்எஸ்-ஐ 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றினால் பிங் குறையும் என்பார்கள். குறையாது. பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தருவது மட்டுமே அதன் வேலை. நிறுவனத்தின் டிஎன்எஸ் படுத்துக் கிடக்கும்போது மாற்றினால் பலன் உண்டு.

ராத்திரி மட்டும் லேக் என்றால் பதிவிறக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், பதிவேற்றத்தையும் பாருங்கள். வீட்டில் ஒரு போன் நாள் முழுக்க எடுத்த படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால் போதும், கன்சோல் அனுப்பும் சின்னத் துணுக்குகள் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். ரவுட்டரில் கியூஓஎஸ் (எந்தத் தரவு முந்த வேண்டும், எவ்வளவு வேகம் என்று வகுக்கும் வசதி) இருந்தால், மொத்தப் பதிவேற்றத்தை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். அந்த வரிசை நீளாது.

இத்தனையும் பார்த்த பிறகு நிறுவனத்தை அழைக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். "கேபிளில் சோதித்தேன், வான் ஐபி 100.72-இல் தொடங்குகிறது, எனக்குப் பொது ஐபி வேண்டும்" என்று சொல்லுங்கள். அல்லது "கேபிளிலும் துணுக்குகள் தொலைகின்றன, ராத்திரி எட்டு முதல் பத்து வரை" என்று நேரத்தோடு சொல்லுங்கள். அப்போது பேச்சு அடுத்த ஆளிடம் போகும்.