எதிரொலி அடங்கும்வரை அசையாதீர்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்திரினாவின், 1567-இல் அச்சான ஆறு குரல் திருப்பலி இசையான 'மிஸ்ஸா பாப்பே மார்செல்லி'யைக் கல் தேவாலயத்தில் ஒலிப்பதிவு செய்கிறீர்களா? பிழை விழுந்த இடத்திலிருந்தே மறுபடி பாடவைக்காதீர்கள்; ஒன்றிரண்டு சொற்றொடர் முன்னாலிருந்து தொடங்குங்கள். முந்தைய சொற்களின் எதிரொலி கூடத்தில் மிதந்துகொண்டிருந்தால்தான் ஒட்டிய இடம் காதில் உறுத்தாது. வெறும் நிசப்தத்திலிருந்து எழுந்த குரலை நடுவில் செருகினால் மென்பொருளால் அதை முழுதாக மறைப்பது கடினம்.

பாடுவோருக்குத் துணையாக இசைக்கருவி இல்லாததால் சுருதி மெல்ல இறங்குவதும் உண்டு. ஆகவே மறுபதிவுக்கு முன் பழைய பதிவின் அந்த இடத்தை ஒலிக்கவிட்டு, அதே சுருதியைக் கொடுங்கள். இத்திருப்பலியின் 'குளோரியா' பகுதியில் வரும் கடைசி ஆமெனுக்குப் பிறகு, எதிரொலி அடங்கும்வரை தாள் திருப்புவதும் தொண்டையைச் செருமுவதும் கூடவே கூடாது. அநேகமாகக் கீழ்க்குரல் பாடும் அடித்தொண்டைக்காரர் ஒருவர்தான் அவசரப்படுவார்; அவரை முன்பே எச்சரித்துவிடுங்கள்.