பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்: குடும்ப எஸ்யூவியில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஏழு பேர் அமரும் எஸ்யூவி எட்டு மாதத்தில் மூன்று முறை கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலேயே படுத்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் டக் டக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் என எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரியும். முதல் முறை புதுப் பேட்டரி வாங்கினேன். இரண்டாம் முறையும் வாங்கினேன். மூன்றாம் முறைதான் ஒரு ஒயர்மேன் மீட்டர் வைத்து அளந்தார். முன்கண்ணாடியில் நான் மாட்டியிருந்த கேமரா இரவு பகலாக மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது.

அளக்காமல் பொருளை மாற்றுவதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால் பழி சுலபமாக அதன்மேல் விழுகிறது. சில மணி நேரம் நிறுத்தி வைத்த காரில், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அது வரவில்லை என்றால், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், காரைப் பூட்டி, உள்ளே இருக்கும் கணினிகள் எல்லாம் உறங்க அரை மணி நேரமாவது விட்டு, எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். வழக்கமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். கேமரா மட்டும் 250 எடுத்தால் ஒரு நாளுக்கு 6 ஆம்பியர் மணி போய்விடும். 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாளில் பாதியாகிவிடும். பள்ளிக்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கும் போய்வரும் பத்து நிமிட ஓட்டத்தில் அந்த இழப்பு ஈடாகாது. மின்னழுத்தம் குறைந்தால் நல்ல சென்சார்களும் பழுது என்று தகவல் அனுப்பும். அந்த விளக்குகளைப் பார்த்துப் பயந்து ஏபிஎஸ் சென்சார் வாங்கிவிடாதீர்கள்.

நிறுத்தத்தில் எஞ்சின் தானாக அணையும் வசதி உள்ள காருக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) வகை பேட்டரிதான் தேவை. விலை குறைவு என்று சாதாரணமானதைப் போட்டால் அது நெடுநாள் தாங்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் தாமானில் ஒரு மூத்த மெக்கானிக், "தம்பி, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றுவோம். நின்றுவிட்டால் ஆல்டர்நேட்டர் போச்சு" என்று ஸ்பேனரை எடுத்தார். நல்ல மனிதர், பழைய கார்களில் கற்ற வித்தை அது. இன்றைய காரில் அப்படிக் கழற்றினால் மின்னழுத்தம் திடீரென எகிறி எஞ்சின் கணினியையே எரித்துவிடக்கூடும். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

எஞ்சின் ஆயிலைக் கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாற்றுவது அடுத்த தவறு. காலை நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 5,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 250 மணி நேரம் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் 100-இல் போனால் 50 மணி நேரம்தான். குறுகிய ஓட்டங்களில் எஞ்சின் போதிய அளவு சூடாவதில்லை, ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாக நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் கையேட்டில் மாதக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். எது முந்துகிறதோ அதன்படி மாற்றுங்கள். டர்போ எஞ்சினுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் டர்போவின் தண்டு அந்த ஆயிலில்தான் சுழல்கிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைகிறதே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். அது மூடிய அமைப்பு. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கெந்திங் ஏற்றத்தில் வெப்ப விளக்கு சிவந்தால் ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால், ஓட்டத்தில் வேறு மாற்றம் இல்லாதபோது, மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ காரணமாக இருக்கும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். காயிலைவிட அது பல மடங்கு விலை.

கடைசியாக வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். இழுவை வண்டியை அழையுங்கள். விரிவான காப்பீடு எடுத்திருந்தாலும், வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்காவிட்டால் பொதுவாக அந்தச் செலவு உங்கள் தலையில்தான். சாலை வரியைப் புதுப்பிக்கும்போதே முகவரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.