தையில் வாங்கிய ரோஜா வைகாசியைத் தாண்ட வேண்டுமா? கடலோரத்துக்காரர்கள் செய்யும் தவறுகள்

தை பிறந்ததும் கடலூரிலும் புதுச்சேரியிலும் ரோஜாக் கன்று வண்டிகள் தெருத்தெருவாக வரும். மழை விட்டிருக்கும், இரவில் பனி இறங்கும், போரில் தண்ணீர் மேலே நிற்கும். அந்த ஒன்றரை மாதத்தில் எந்த ரோஜாவை வைத்தாலும் பூக்கும். நாம் ஏமாறுவதும் அங்கேதான். மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்த முதல் வருடம், உள்ளங்கை அகலப் பூவோடு நின்ற ஆறு கன்றுகளை வாங்கினேன். கத்திரி வெயில் முடிவதற்குள் நான்கு பட்டுப்போயின. இன்னொன்று ஐப்பசி மழையில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகி, நுனியிலிருந்து கருகியே செத்தது.

பூவைப் பார்த்துக் கன்றைத் தேர்ந்தெடுத்ததுதான் என் தவறு. நீளக் காம்பில் ஒற்றைப் பெரிய பூ விடும் ஹைபிரிட் டீ வகைகள் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், பசுமைக்குடிலுக்குள் செழிக்கும். மே மாத இரவிலும் வேர்த்துக் கொட்டும் நம் ஊரில் அவற்றுக்கு ஓய்வே கிடையாது.

‘ஹார்டி ரோஸ்’ என்று இணையத்தில் தேடி, அங்கே வரும் பெயர்களை நர்சரியில் கேட்பவர்களும் உண்டு. குளிர்நாட்டுக்காரர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது உறைபனி தாங்கும் செடியை. கனடாவில் எக்ஸ்ப்ளோரர் வரிசை என்று வளர்த்தெடுத்த ரோஜாக்கள் அப்படிப்பட்டவைதான். நமக்குத் தாங்கவேண்டியது வெயில், புழுக்கம், உப்பு, அடைமழை. அது வேறு கணக்கு.

இவற்றில் ஆளைக் கவிழ்ப்பது உப்புதான். ரோஜா உப்புத் தாங்காத செடி. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வைத்திக்குப்பம் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். சற்று உள்ளே தள்ளி இருப்பவர்கள் “எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்” என்று நம்பி விடுகிறார்கள். மழை முடிந்த தையில் அது நல்ல தண்ணீர்தான். சித்திரையில் நீர்மட்டம் இறங்கியதும் அதே போரில் உப்பு ஏறும். இலை ஓரம் காய்ந்து பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். வெயிலில் காய்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி ஊற்றுவோம். உப்பும் கூடவே போகும். குடிநீர்க் கருவியைப் பழுதுபார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். மே மாதத்தில் ஒருமுறை போர் தண்ணீரை அளந்து தரச் சொல்லுங்கள். என் அளவுகோல் இது: மீட்டர் 500க்குள் காட்டினால் ஒட்டு ரோஜா, அதாவது வேறொரு ரோஜாவின் அடிச்செடிமேல் ஒட்டி வளர்த்த கன்று, வைத்துப் பார்க்கலாம், 1,000 தாண்டினால் அந்த ஆசையை விட்டுவிடலாம். தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் தொட்டியில் போடாதீர்கள்.

மண்ணுக்கு இத்தனை பாடு இல்லை. பண்ருட்டி, காலாப்பட்டு செம்மண்ணில் தொழு உரம் கலந்தால் போதும். கடற்கரை மணலில் உரமும் தண்ணீரும் நிற்காது என்பதால் தொழு உரம் கூடுதலாக வேண்டும். பாகூர் பக்கத்துக் களிமண்ணில் பள்ளம் தோண்டி நடாமல் மேட்டுப் பாத்தி போடுங்கள். கார்த்திகையில் வேர் நீரில் நின்றால் அழுகிவிடும்.

சரி, எதைத்தான் வைப்பது? எட்வர்ட் ரோஜா. நம் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்று உதிரியாக விற்கிறார்களே, பெரும்பாலும் அதுதான். அது பூர்போன் இனம். அந்த இனம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூர்போன் என்று அப்போது பெயர்பெற்றிருந்த ரீயூனியன் தீவில் கிடைத்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன அதே தீவு. கடலும் வெயிலும் சூழ்ந்த இடத்தில் பிறந்த செடி நம் கரையில் தாக்குப்பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. பூ சின்னது, ஒரே நாளில் இதழ் உதிரும், ஆனால் வாசனை வாசல் வரை வரும். சிவப்பு வேண்டுமென்றால் ஆந்திர சிவப்பு. மொட்டைமாடித் தொட்டிக்குப் பட்டன் ரோஜா.

இந்த வகைகளையும் நெருக்கி நட்டுக் கெடுக்கலாம். இலை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே கரும்புள்ளி நோய் பிடித்துக்கொள்ளும். நம் ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க ஈரம்தான். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள், மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். கவாத்தையும் மழை விடும்வரை தள்ளிப்போடுங்கள். ஈரக் காற்றில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்தே கருகத் தொடங்கும்.

ஒட்டுக் கன்றுதான் வாங்குவீர்கள் என்றால், ஒட்டுக்குக் கீழே பச்சையாகத் துளிர் வந்திருக்கிறதா என்று நர்சரியிலேயே குனிந்து பாருங்கள். செழிப்பு என்று நினைத்து அதை வளரவிட்டால் அடிச்செடி மேலேறி, வாங்கிய ரோஜா காணாமல் போகும்.

நர்சரிக்குப் போகுமுன் உங்கள் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். யார் வீட்டு வாசலிலாவது ஐந்தாறு வருடமாகப் பூக்கும் ரோஜா ஒன்று இருக்கும். அதே மண்ணில், அதே தண்ணீரில், அத்தனை கத்திரியும் புயலும் பார்த்த செடி. என் வீட்டில் இப்போது இருப்பது எதிர்வீட்டு அக்கா மார்கழியில் வெட்டிக் கொடுத்த எட்வர்ட் குச்சிகள்தான். பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், பாதி மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட்டு நிழலில் வைத்தேன். எட்டு குச்சியில் ஐந்து துளிர்த்தன.