உறைந்த ஏரியில் மீன்பிடிக்க எந்த அளவு ஆகர் (பனிக்கட்டியில் துளையிடும் கருவி) வாங்கலாம்?

துளை பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணி 10 அங்குல ஆகரை வாங்கிவிடாதீர்கள். வெட்டியெடுக்க வேண்டிய பனிக்கட்டியின் அளவு, துளை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 6 அங்குலத் துளையைக் காட்டிலும் 8 அங்குலத் துளைக்கு ஏறத்தாழ 1.8 மடங்கும், 10 அங்குலத் துளைக்கு ஏறத்தாழ 2.8 மடங்கும் பனிக்கட்டியை வெட்ட வேண்டியிருக்கும்.

மீனைத் தேடி இடம் மாறி மாறித் துளையிடுவோர் கையால் சுழற்றும் ஆகரை வைத்திருந்தால், இந்த வேறுபாட்டைத் தோளிலேயே உணர்வார்கள். பெர்ச், புளூகில் போன்ற சிறு மீன்களுக்கு 6 அங்குலமே தாராளம். வால்ஐ, நடுத்தர ட்ரவுட் ஆகிய மீன்களுக்கு 8 அங்குலம் பொருந்தும். ஒரே ஓர் ஆகர்தான் வாங்க முடியும் என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

பெரிய பைக், லேக் ட்ரவுட் ஆகிய மீன்களைக் குறிவைப்போருக்கு 10 அங்குலம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஏனெனில், அத்தகைய மீன் தலையை மேல்நோக்கித் திருப்ப இடமின்றித் துளையின் அடிவிளிம்பில் முட்டித் திமிறும்போது, தூண்டில் நரம்பு அந்தக் கூரான பனிவிளிம்பில் உரசி அறுந்துவிடும்.

கடுங்குளிரில் துளையின் ஓரங்கள் மீண்டும் உறைந்து குறுகிக்கொண்டே வரும் என்பதால், நீண்ட நேரம் ஒரே இடத்தில் அமர்பவர்கள் சற்றுப் பெரிய அளவையே எடுத்துக்கொள்ளலாம். சில பகுதிகளில் துளையின் விட்டத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கைவிட்டுச் செல்லும் பெரிய துளையில் பிறர் கால் சிக்காதிருக்க, அருகில் ஒரு கிளையை நட்டு அடையாளம் வையுங்கள்.