கோத்தகிரிப் பட்டறையில் மெக்னீசியத்தை உறுதியாக்கும் முறை

தேயிலை வெட்டும் மெஷினைச் சரிவில் நாள் முழுக்கச் சுமப்பவருக்கு நூறு கிராம் குறைந்தாலும் தோள் சொல்லிவிடும். அதனால்தான் கியர்பெட்டி மூடிகளை மெக்னீசியத்துக்கு மாற்றினேன். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியம் 1.74 கிராம்தான்.

முதலில் அலுமினியம் கலந்த ஏஇசட்91 என்ற மெக்னீசியம் அலாயில் வார்த்தேன். எஞ்சின் பக்கம் 120 டிகிரி தாண்டியதும் போல்ட் பிடி தளர்ந்தது. அப்புறம் இட்ரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் சேர்ந்த டபிள்யூஇ43 அலாய்க்கு வந்தேன். அது 250 டிகிரி வரை தாங்கும்.

பத்து கிலோவுக்குக் கணக்கு இது: மெக்னீசியம் 7.3 கிலோ, 30 சதவீத இட்ரியம் மாஸ்டர் அலாய் (மெக்னீசியத்தில் முன்கூட்டியே செறிவாகக் கலந்து வைத்தது) 1.35 கிலோ, அதே அளவு செறிவுள்ள நியோடிமியம் அலாய் 1 கிலோ, மீதி சிர்க்கோனியம் மாஸ்டர் அலாய். வார்ப்பில் சிர்க்கோனியம் அரை சதவீதம் நிற்க வேண்டும். பாதி அடியில் தங்கிவிடும், எனவே இரு மடங்காவது போடுங்கள். பழைய ஏஇசட்91 துண்டு எதையும் கலக்காதீர்கள். அலுமினியம் சிர்க்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு அடிக்கு இழுத்துவிடும்.

இங்கே பெரிய எதிரி மூடுபனி. ஒருமுறை இரவு முழுக்கத் திறந்து கிடந்த மணல் மோல்டில் ஊற்றினேன். உலோகம் சீறித் தெறித்து என் முழங்கைக் கவசத்தைப் பொசுக்கியது. ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் கிளம்பும். இப்போது உலோகக் கட்டி, கரண்டி, மோல்டு எல்லாவற்றையும் சூடேற்றி உலர்த்திய பிறகுதான் அடுப்பைத் தொடுகிறேன். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலோகத் தீக்கான உலர்பொடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எஃகு மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) 700 டிகிரியில் உருக்கி, அருமண் அலாய்களைப் போட்டு, 780-க்கு ஏற்றிச் சிர்க்கோனியம் சேர்த்துக் கிளறுங்கள். உருகிய உலோகத்தை மூடத் தூவும் குளோரைடு ஃப்ளக்ஸ் உப்பு வேண்டாம், இட்ரியத்தைத் தின்றுவிடும். ஆர்கானில் சிறிது சல்பர் ஹெக்சாஃபுளூரைடு கலந்து மேற்பரப்பை மூடி வையுங்கள்.

வலிமை வருவது சூட்டுப் பதத்தில்தான். 525 டிகிரியில் 8 மணி நேரம், அங்கும் பாதுகாப்பு வாயு தேவை. சூடு கூடினால் படிக ஓரங்கள் உருகிக் கெடும். இந்தச் சூட்டில் உலோகத்துக்குள் கரைந்த அருமண் அணுக்கள், 250 டிகிரியில் 16 மணி நேரம் வைக்கும்போது நுண்ணிய தட்டுகளாகப் படியும். சரிவில் மண் நகராமல் கல் பதிப்பதுபோல, படிக அடுக்குகள் வழுக்காமல் அவை தடுக்கும்.

இந்த இரண்டு சூட்டுக்கும் இடையில் 70 டிகிரி வெந்நீரில் முக்கிக் குளிர வையுங்கள். டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் போட்டால் மெல்லிய விளிம்பு கோணிவிடும். நான் மாலை ஆறு மணிக்கு ஏஜிங்குக்கு, அதாவது அந்த 16 மணி நேரச் சூட்டுக்கு வைக்கிறேன், மறுநாள் காலை பத்துக்கு எடுக்கலாம்.