கல்யாண மேளமும் அவர்களுக்கான சாப்பாடும்: ஏற்பாடு செய்வது எப்படி

கல்யாண வீட்டில் மேளத்துக்குச் சொல்வது ஒருவர் பொறுப்பு, சமையல் வேறொருவர் பொறுப்பு. இருவரும் கலந்து பேசாத வீட்டில், நாதஸ்வரக்காரர் காலை நாலரை மணியிலிருந்து வெறும் காபியோடு வாசிப்பார். தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போனால் "அடுத்த பந்தியில் உட்காருங்கள்" என்பார்கள். மூச்சையும் உதட்டையும் வைத்துச் செய்கிற வேலை இது. எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்பது வாசிப்பில் அப்படியே தெரியும். அதனால் மேளத்தின் நேரத்தையும் அவர்கள் இலையையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

முதலில் பேசும்போது கேட்க வேண்டியவை. ஒரு செட் என்றால் பொதுவாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், சுருதிக்கும் தாளத்துக்கும் ஒருவர் என்று ஐந்து பேர். வண்டி ஓட்டி வருபவரையும் சேர்த்தால் இலைக் கணக்கு ஆறு. சமையல்காரரிடம் இந்த ஆறைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். மண்டபம் சின்னதாகவும் மூடியதாகவும் இருந்தால் நீளமான பாரி நாயனம்தான் (நாயனம் என்பது நாதஸ்வரமேதான்) பொருந்தும். சுருதி தாழ்ந்திருக்கும், காதுக்கு இதம். இன்னொரு வகையான திமிரி குட்டையானது, கீச்சென்று உயர்ந்த சுருதி, திறந்த வெளிக்கும் ஊர்வலத்துக்கும் ஏற்றது. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை கையில் எடுத்த பிறகு பாரிதான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

உங்கள் வீட்டுச் சடங்கு வரிசையை எழுதிக் கொடுங்கள். சிலர் வீட்டில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் உண்டு. சிலர் வீட்டில் அரசாணிக்கால், நலங்கு, சம்பந்தி மரியாதை என்று வேறு வரிசை. ஊஞ்சலுக்கு லாலி வாசிக்கத் தயாராக இருப்பவரிடம் ஊஞ்சலே கிடையாது என்று அங்கே போய்ச் சொல்லக் கூடாது. ராகத்தை அவர்களிடமே விடுங்கள். காலைக்குப் பிலஹரி, மாலைக்குக் கல்யாணி என்று பொழுது பார்த்து எடுப்பார்கள், முகாரியைத் தொட மாட்டார்கள். சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் மாப்பிள்ளை அழைப்பிலோ வரவேற்பின் தொடக்கத்திலோ கேளுங்கள். முகூர்த்தத்துக்குக் கீர்த்தனைதான் அழகு. வரவேற்பில் மெல்லிசைக் குழுவும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உட்காரும் இடத்தில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. மணமேடைக்குப் பக்கவாட்டில், சாஸ்திரிகளின் கை தெரிகிற மாதிரி ஒரு மேடையோ ஜமக்காளமோ போடுங்கள். அவர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் தவில் எழ வேண்டும். ஆனால் அந்த நொடியில் புகைப்படக்காரர், வீடியோக்காரர், அத்தை, சித்தி எல்லாரும் மேடையை மறைத்து நிற்பார்கள். சத்தத்தில் குரலும் கேட்காது. மேளம் இரண்டு முடிச்சுக்குப் பிறகு வரும், இல்லையென்றால் மாங்கல்யத்தைத் தட்டில் எடுக்கும்போதே முந்திக்கொள்ளும். இதற்கு ஒரே வழி, விவரம் தெரிந்த ஒருவரைத் தவில்காரர் கண்ணுக்கு நேரே நிறுத்துவது. சாஸ்திரிகள் கை காட்டியதும் அவர் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். படம் எடுக்கிற வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஏசிக் காற்று நேரே அடிக்கிற இடமும் மின்விசிறிக்கு அடியும் கூடாது. நாயனத்தின் உடல் கெட்டியான ஆச்சா மரம், தாங்கும். வாயில் வைத்து ஊதுகிற, நாணல் தட்டையில் செய்த சீவாளி தாங்காது. அது உலர்ந்தால் நாதம் கம்மும், பிசிறடிக்கும். அதனால்தான் வாசிக்குமுன் வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். தவிலுக்கு எதிர்த் தொல்லை: ஈரம் பட்டால் தோல் தொய்ந்து ஓசை மட்டமாகிவிடும். கோட்டை அடுப்பின் ஆவி வரும் வாசலிலும், பனி இறங்கும் பந்தலின் ஓரத்திலும் தவிலை வைக்க விடாதீர்கள். மைக் கட்டாயமில்லை. பெரிய மண்டபம் என்றால் நாயனத்துக்கு மட்டும் ஒன்று, அதன் அகன்ற அடிமுனையான அணசு வாய்க்கு மூன்றடி தள்ளி. தவிலுக்கு மைக் வைத்தால் மந்திரமும் கேட்காது, நாயனமும் கேட்காது.

இனி சாப்பாடு. முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு மங்கல இசை தொடங்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு டிபன் முடிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது இடைவெளி இல்லாவிட்டால் அடிவயிற்றிலிருந்து மூச்சு எழும்பாது. ஆளுக்கு நாலு இட்லி, காரம் குறைந்த தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் வெந்நீர் போதும். இடியாப்பமும் நல்லது. நெய்ப்பொங்கல் வேண்டாம், கனத்துத் தூக்கம் வரும். வடை, பூரியின் எண்ணெய் உதட்டில் ஒட்டினால் சீவாளி வழுக்கும். மிளகாய்ப் பொடி உதட்டில் எரியும். இவை எல்லாவற்றையும் வாசித்து முடித்த பிறகு தாராளமாகப் போடுங்கள்.

நடுவில் அன்பாக ஒரு தட்டு கேசரியோடு போய் நிற்கிறவர்கள் உண்டு. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார். சாப்பிட அதை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், பிறகு மாட்ட வேண்டும். அதற்குள் அழைப்பு வந்துவிடும். இடையில் தேவைப்படுவது குடிக்க மட்டும்தான்: ஒரு பிளாஸ்கில் சுக்கு, பனங்கற்கண்டு போட்ட வெந்நீர். அவர்களுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் நாள் இரவு, ஊர்வலம் முடிந்து களைத்து வரும்போதுதான் வீட்டுச் சமையலின் அருமை தெரியும். கல்யாணச் சாப்பாட்டையே தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு இலையில் அதே குருமாவை வைக்காதீர்கள். சோறு, மிளகு குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், மோர். குழம்பை இரண்டு நாள் முன்பே வைத்துவிடலாம், ஊற ஊறத்தான் ருசி.

ஆறு பேருக்குப் பச்சரிசி முக்கால் கிலோவுக்குக் குறையக் கூடாது. குழம்புக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளியை அரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கரையுங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி, தனியா ஒன்று, துவரம்பருப்பு ஒன்று, உளுத்தம்பருப்பு ஒன்று, காய்ந்த மிளகாய் மூன்று, சின்னத் துண்டு பெருங்காயம் இவற்றைப் பருப்பு சிவக்கும்வரை வறுத்து, கடைசியில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை போட்டுப் பிரட்டி இறக்குங்கள். ஆறியபின் நைஸாக அரையுங்கள். வாணலியில் நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி விட்டுக் கடுகு தாளித்து, புளித்தண்ணீரும் உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்துப் பச்சை வாசனை போகப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகுதான் விழுது. முதலிலேயே சேர்த்தால் பருப்பு இறுகி அடிபிடிக்கும். சிறு தீயில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம், எண்ணெய் ஓரத்தில் கசிந்து நிற்கும்வரை. எண்ணெயைக் குறைத்தாலும் சீக்கிரம் இறக்கினாலும் மறுநாளே கெடும். கசந்தால் மிளகு கருகிவிட்டது என்று அர்த்தம். வெல்லம் போட்டு மூட முடியாது, புதிதாக வறுங்கள்.

துவையலுக்குத் துவரம்பருப்பு 150 கிராம், மிளகாய் நாலு, மிளகு அரை டீஸ்பூன், தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி. பருப்பைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்க வறுத்து, ஆறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அரைகுறையாக வறுத்தால் பச்சைப் பருப்பு வாடை வரும். தண்ணீர் கூடினால் சட்னியாகிவிடும்.

காலை தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து முடிய ஒன்பதரை ஆகும். அதற்கு அடுத்த பந்தியில் ஆறு இலைக்கு ஆள் போட்டு இடம் பிடித்து வையுங்கள். சாப்பிட்டு எழுந்ததும் வெற்றிலை பாக்கு, வேட்டி, பேசிய தொகையின் பாக்கி எல்லாம் ஒரே தட்டில், பெரியவர் ஒருவர் கையால். பணம் யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பெண் அழைத்துப் போகிற அவசரத்தில் அப்பா வண்டியில் ஏறிவிட்டால், உறையில் நாயனத்தைப் போட்டுக்கொண்டு அவர்கள் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கும்.